சத்தம் பத்தவில்லை

ஜூன் 4

மேகலாவிடம் வாயைத் திறந்தால் சண்டையில்தான் போய் முடிகிறது. அதனால் இதில் எழுதலாமென்று எடுத்தேன். புத்தாண்டுக்குக் கம்பெனியில் கொடுத்த டைரி. இதுவரை என் மகள் மிதுனா இதில் யானை வரைந்துகொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு போய்விட்டாளாம், இனி யானை வேண்டாமாம்.

இன்றைய சண்டை தயிரால் வந்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் நின்று மேகலா ஏதோ சொன்னாள். வயர் வாங்கி வரச் சொல்கிறாள் என்று கடைக்குப் போய் இரண்டு மீட்டர் வயர் வாங்கி வந்தேன். அவள் சொன்னது தயிர். "சொன்னதக் கேக்கறதே இல்லீங்க நீங்க. கல்யாணமான நாள்ல இருந்து இதேதான்" என்றாள். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தால் எந்த மனுஷனுக்கு விளங்கும்? அதை அப்படியே சொன்னேன். அதற்கும் ஒரு பாட்டு விழுந்தது.

வண்டியும் சரியில்லை. சிங்காநல்லூர் சிக்னலில் பச்சை விழுந்ததும், ஆஃப் ஆகிவிட்டதென்று செல்ஃப் பட்டனை அமுக்கினேன். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்க்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நூற்றைம்பது சிசி வண்டிக்கு இதெல்லாம் ஒரு சத்தமா? தையல் மெஷின்கூட இதைவிட நன்றாகச் சத்தம் போடும். சைலன்சரை மாற்றிவிட வேண்டியதுதான்.

ஜூன் 7

கம்பெனியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஜூலை பத்தாம் தேதி ஒரு வேன் வருகிறதாம். எல்லோருக்கும் காது பரிசோதனை. டெஸ்டிங் செக்ஷனில் இருப்பவர்கள் தேறினால்தான் அங்கே இருக்கலாம். தேறாதவர்கள் பேக்கிங்குக்குப் போக வேண்டும்.

நாங்கள் செய்வது தண்ணீர் மோட்டார். வெளியே போகும் ஒவ்வொரு மோட்டாரும் என் மேஜைக்கு வந்துதான் போகும். அதை ஓடவிட்டு, நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை அதன் உடம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பேன். பேரிங்கில் மணல் அளவு கோளாறு இருந்தாலும் கீச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகமான மோட்டாரை எல்லாம் சூப்பர்வைசர் மரகதவேல் சாரே தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார். "உனக்குச் சென்னியப்பன்னு பேரு வெச்சதுக்குக் காதப்பன்னு வெச்சிருக்கோணும்" என்பார். பதினான்கு வருஷமாக அந்த ரூமுக்கு நான்தான் காது. என்னைப் போய் அட்டைப்பெட்டி ஒட்டச் சொன்னால் நான் என்னத்துக்கு ஆவேன்?

எனக்கென்ன பயம்? இப்போதெல்லாம் எனக்கு ஸ்குரூடிரைவரே தேவைப்படுவதில்லை. மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தாலே தெரிந்துவிடுகிறது. அனுபவம் என்பது இதுதான்.

ஜூன் 11

மிதுனாவின் பிறந்தநாளுக்கு வாங்கிய கொலுசை எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போனேன். உள்ளே முத்தே போடாமல் தலையில் கட்டிவிட்டார்கள். பிள்ளை வீடெல்லாம் ஓடுகிறாள், சத்தத்தையே காணோம்.

கடைப்பையன் கொலுசை என் முன்னால் ஆட்டிக் காட்டினான். "கேக்குதுங்களாண்ணா?" என்றான். மறுபடியும் ஆட்டினான். எதிர்ப்பக்கம் தோடு பார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "கேக்குது கேக்குது" என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கே காது குத்தப் பார்க்கிறான்.

மேகலாவிடம் சொன்னால், "இவ கொலுசுச் சத்தத்துல எனக்குத் தலைவலியே வருது, நீங்க வேற" என்கிறாள். எல்லோரும் ஒரு கட்சி.

ஜூன் 14

உக்கடத்தில் ஹக்கீம் பாய் கடையில் சைலன்சரை மாற்றியாயிற்று. மிதுனாவும் கூட வந்தாள்.

புதுசு குட்டையாக, கறுப்பாக, உள்ளே தடுப்பு இல்லாமல் இருக்கிறது. புகை நேராக வெளியே போய்விடும். அதோடு சீட்டுக்கடியில் இருந்த ஃபில்டர் பெட்டியையும் கழற்றிவிட்டுக் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர் போட்டார். "மூச்சு விடறதையும் தெறந்து உட்டாச்சு, மூச்சு இழுக்கறதையும் தெறந்து உட்டாச்சுங்ணா. இப்பக் காத்து நெறையாப் போகும். அதுக்குத் தக்கன பெட்ரோல் குடுக்கோணும். கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட்டப் பெருசாப் போட்டாத்தான் சரியா வரும். நாலு நாள்ல வாங்கிப்போடுவேன், அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்" என்றார்.

நாலு நாளா? முடியவே முடியாது என்றேன். "கார்ப்பரேட்டர் ஸ்குரூவ நானே திருகி, காதாலயே செட் பண்ணிக்கறேன் பாய். நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அதற்கு அவர் ஏதோ சொன்னார். பக்கத்துக் கடையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கொலுசு என்பது மட்டும் விளங்கியது. மிதுனா அங்கே குதித்துக்கொண்டிருந்தாள். "பொறந்தநாளுக்கு வாங்குனது பாய்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தோளில் கை வைத்து, மறுபடியும் நீளமாக என்னவோ சொன்னார். எத்தனை தடவைதான் என்ன என்ன என்று கேட்பது? தலையை ஆட்டிவைத்தேன்.

ஸ்டார்ட் செய்ததும் தடதடவென்று நெஞ்சிலேயே வந்து இடித்தது. அப்பாடா! வண்டி என்றால் இதுதான் வண்டி. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, ஏனென்று தெரியவில்லை.

ஜூன் 19

பிக்கப் பிய்த்துக்கொண்டு போகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட்டென்று பட்டாசு வெடிக்கிறது. டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் மேகலாவிடம் புகார் சொல்லியிருக்கிறார். சொல்லட்டும்.

மிதுனாவைப் பள்ளியில் இறக்கிவிடும்போது அவள் வண்டியைத் தட்டி, "அப்பா, நம்ம வண்டியும் கொலுசு போட்டிருக்குங்கப்பா" என்றாள். முகத்துக்கு நேராக நின்று சொன்னதால் நன்றாகப் புரிந்தது. இந்த வயசில் எப்படியெல்லாம் கற்பனை வருகிறது பாருங்கள். சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22

ஹக்கீம் பாய் போன் செய்தார். ஜெட் வந்துவிட்டது என்கிறாரா, வரவில்லை என்கிறாரா என்று ஒன்றும் விளங்கவில்லை. போன் ஸ்பீக்கர் போய்விட்டது.

ஜூன் 26

பொள்ளாச்சி டீலரிடமிருந்து ஏழு மோட்டார் திரும்பி வந்திருக்கிறது. ஓடவிட்டால் கீச்சென்று கத்துகிறதாம். ஏழிலும் என் முத்திரை.

மரகதவேல் சார் ஒன்றை என் மேஜையிலேயே ஓடவிட்டார். சுற்றியிருந்த பையன்கள் பல் கூசுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். நான் கையை வைத்துப் பார்த்தேன். லேசான அதிர்வு, அவ்வளவுதான்.

"என்ன சென்னி, இது உன்ற கைக்கு எப்படித் தப்பிச்சுது?" என்றார்.

"லாரியில போட்டு உருட்டியிருப்பாங்க சார். இங்கிருந்து போறப்ப சுத்தமாத்தான் போச்சு" என்றேன்.

அவர் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனார். நான் மதியம் சாப்பாட்டைத் தொடவில்லை. பத்தாம் தேதிக்கு இன்னும் இரண்டே வாரம்தான்.

ஜூன் 30

ஞாயிற்றுக்கிழமை மேகலாவின் அண்ணன் மகனுக்குப் பொள்ளாச்சியில் காதுகுத்து. பஸ்ஸில் போகலாம் என்றாள். புதுச் சைலன்சர் போட்ட வண்டி இருக்கும்போது எதற்குப் பஸ்? "அந்தச் சனியன் சத்தத்துல பொள்ளாச்சி வரைக்கும் உக்கார முடியாதுங்க, சொன்னாக் கேளுங்க" என்றாள். வண்டியில்தான் போகிறோம் என்று முடித்துவிட்டேன்.

ஜூலை 2

இன்று எழுத முடியாது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 4

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையிலேயே கிளம்பினோம். மிதுனா நடுவில், மேகலா பின்னால். ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் பாலக்காட்டுக் காற்று எதிரே வந்து அடித்தது. மூன்று பேர் எடை, எதிர்க்காற்று. வண்டி இழுக்கத் திணறியது. நான் முறுக்கினேன். முறுக்க முறுக்க அந்தத் தடதடப்பு தொடை வரைக்கும் ஏறியது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மேகலா என் தோளுக்கு மேலே எட்டி ஏதோ சொன்னாள். கொலுசு என்பது மட்டும் விழுந்தது. "ஆமா, நல்லாருக்கு" என்றேன். மறுபடியும் கத்தினாள். "ஆமா ஆமா, அங்க எல்லாரும் பாப்பாங்க" என்றேன். முதுகில் அடித்தாள். காதுகுத்துக்கு என்ன மொய் வைப்பது என்று ஏற்கெனவே எங்களுக்குள் தகராறு. அதுதான் போலிருக்கிறது என்று நான் திரும்பவே இல்லை.

கிணத்துக்கடவு மேம்பாலத்தில் ஏறும்போது என் முகத்துக்கு முன்னால் அவள் கை வந்தது. விரித்த கையில் மிதுனாவின் இரண்டு கொலுசும் இருந்தன. ரோட்டில் வைத்து என்ன கூத்து இது என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கைய எடுடி!" என்று கத்தினேன்.

அப்போதுதான் பின்சக்கரம் நின்றது. வண்டி ஓடும்போதே சக்கரம் மட்டும் அப்படியே இறுகி நின்றுவிட்டது. வால் இடப்பக்கம் வழுக்கியது. கிளச்சைப் பிடிப்பதற்குள் மூன்று பேரும் பாலத்தின் ஓரத்தில் கிடந்தோம். தலை நிமிர்ந்து பார்த்தால் ஒரு லாரியின் முன்பம்பர், மிதுனாவின் காலிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கிறது. டிரைவர் குதித்து இறங்கி வந்தார். "எத்தன ஹாரன் அடிக்கறது? காது செவுடாய்யா?" அவர் வாய் அப்படித்தான் அசைந்தது.

மிதுனாவின் இடது கை மணிக்கட்டுக்கு மேலே வளைந்திருந்தது. அவள் அழுவதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் எழுத முடிகிறது.

மேகலா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, முழங்கால் ரத்தத்தோடு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "வண்டிக்குள்ளிருந்து கிணுகிணுன்னு வந்துது. இவ கொலுசுன்னு நெனச்சுக் காலப் புடிச்சேன். நிக்கல. கொலுசையே கழட்டிக் கையில வெச்சுக்கிட்டேன், அப்பவும் கேட்டுது. எத்தன தடவ சொன்னேன்! நீங்க கேக்கவே இல்ல. உங்க பிடிவாதத்துக்கு என்ற புள்ள போயிருப்பா."

பிடிவாதக்காரன் என்ற பேரே பரவாயில்லை என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. சீ.

ஜூலை 6

மிதுனாவுக்கு மாவுக்கட்டு. அதில் யானை வரைந்து தரச் சொன்னாள். வரைந்தேன். காது பெரிசாகப் போட்டுவிட்டேன் என்று சிரிக்கிறாள்.

வண்டியை வேனில் ஏற்றி ஹக்கீம் பாய் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் முதலில் பிளக்கைக் கழற்றினார். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பிறகு இன்ஜினைத் திறந்தார். பிஸ்டனின் தலை உருகி, சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"காத்து நெறையா, பெட்ரோல் கம்மி. வெந்து போச்சுங்ணா. அந்தப் பட்டாசுச் சத்தமே பெட்ரோல் பத்தாமதான்" என்றார். பிஸ்டனை என் கையில் வைத்தார். "ஆனா ஒண்ணுங்ணா. இது சும்மா உருகாது. ரொம்ப தூரம் கத்தியிருக்கும். கொலுசுச் சத்தமாட்டம் வரும், வந்தா வண்டிய அங்கயே நிறுத்திப்போடுங்கன்னு அன்னிக்கே சொன்னேன். நீங்களும் தலையாட்டுனீங்க. உங்க காதுக்குக் கேக்காம எப்படிங்ணா போகும்?"

பிஸ்டனை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜூலை 8

தனபால் என்று எங்கள் செக்ஷனில் ஒருவன். அவன் முன்பு இருந்த கம்பெனியில் இதே வேன் வந்ததாம். உள்ளே ஒரு கண்ணாடி அறை. நம் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்களாம். "அந்தப் பொண்ணு வெளிய உக்காந்து சத்தம் உடுமுங்ணா. உடறப்பெல்லாம் அதோட தோளு லேசா அசையும். அதப் பாத்து அமுக்குனா போதும், பாஸ் ஆயிரலாம்" என்று அவன் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னான். என்னிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 10

தனபால் சொன்னது சரிதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சைச் சுடிதார் போட்ட பெண். தோள் அசைந்தது, அமுக்கினேன். அசைந்தது, அமுக்கினேன். மூன்றாவதும் அமுக்கினேன். அவ்வளவு சுலபம். இப்படியே போனால் என் மேஜை எனக்குத்தான்.

அப்போது மேகலாவின் கை ஞாபகத்துக்கு வந்தது. ரோட்டில், காற்றில், என் முகத்துக்கு முன்னால் கொலுசை நீட்டிக்கொண்டிருந்த கை. அதையும் கண்ணால்தான் பார்த்தேன். பார்த்து என்ன செய்தேன்? கையை எடுடி என்று கத்தினேன்.

கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றுமில்லை. என் காதுக்குள்ளேயே ஒரு சில்வண்டு ரொம்ப நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறது, அது மட்டும் கத்தியது. காத்திருந்தேன். கட்டைவிரல் வியர்த்தது. யாரோ தோளைத் தொட்டதும் கண்ணைத் திறந்தேன். அந்தப் பெண் கதவைத் திறந்து எதிரே நின்றாள்.

"ஏனுங்ணா, பொறவு பட்டனே அமுக்கலையே?"

"கேக்கலைங்க" என்றேன். இத்தனை நாளில் அந்த வார்த்தையை நான் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை.

"மொதல்ல மூணு அமுக்குனீங்களே?"

"அதும் கேக்கலைங்க."

மரகதவேல் சார் சீட்டைப் படித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடிக்க வந்தார். வேண்டாம் சார் என்று விலகிக்கொண்டேன். கட்டிப்பிடித்திருந்தால் அங்கேயே உடைந்து போயிருப்பேன். ஸ்குரூடிரைவரை மேஜையில் வைத்துவிட்டுப் பேக்கிங்குக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மேகலாவிடம் சொன்னேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான்.

"இன்னிக்குக் கம்பெனியில காது பாத்தாங்க. எனக்குக் கேக்கலை."

அவள் திரும்பினாள். "என்னிக்குத்தான் கேட்டீங்க?"

"அந்தக் கேக்கலை இல்ல மேகலா. கேக்கவே இல்ல."

கத்தி அப்படியே நின்றது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எனக்கு நேர் எதிரே நின்றாள். "எப்ப இருந்துங்க?"

"தயிருக்கு முன்னாடி இருந்தே."

"ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன? சொன்னா என்ன, உங்கள வித்துப்போடுவனா? ரெண்டு வருஷமா உங்களத் திமிரு புடிச்சவன்னு நெனச்சு எத்தன பேச்சுப் பேசியிருப்பேன்!" என்று என் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். பிறகு அழுதாள். பிறகு பிள்ளையின் கையைச் சொல்லி மறுபடியும் அடித்தாள். ஒவ்வொரு அடியும் எனக்கு வேண்டித்தான் இருந்தது.

ஜூலை 19

பேக்கிங். அட்டைப்பெட்டி, டேப், பெட்டி, டேப். மோட்டாரைத் தூக்கி உள்ளே வைக்கும்போது உள்ளங்கை தானாக அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. எடுத்துவிடுகிறேன்.

ஜூலை 22

காது டாக்டரிடம் போனோம். மெஷின் மாட்ட வேண்டுமாம், அளவெடுத்திருக்கிறார். மேகலா கேட்ட கேள்விகளைப் பார்த்து டாக்டரே மிரண்டுபோனார்.

ஜூலை 30

மிதுனாவுக்குக் கட்டுப் பிரித்தார்கள். கை சூம்பிப் போய் வெளுத்திருக்கிறது. மாவுக்கட்டில் வரைந்த யானையை வெட்டி எடுத்துத் தரச் சொல்லி அங்கே அடம்.

ஹக்கீம் பாய் புதுப் பிஸ்டன் போட்டு, பழைய சைலன்சரையும் பழைய ஃபில்டர் பெட்டியையும் மாட்டிக் கொடுத்தார். அந்தக் கறுப்புச் சைலன்சரை அவரே வைத்துக்கொண்டார். ஸ்டார்ட் செய்தேன். ஒன்றும் தெரியவில்லை. டேங்க்மேல் உள்ளங்கையை வைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

மேகலா வண்டியில் ஏறவே மாட்டேன் என்றாள். தெருமுனை வரைக்கும்தான், நடக்கிற வேகத்தில்தான் என்று கெஞ்சி ஏற்றினேன். மிதுனா சட்டம் போட்டாள். வண்டியில் கொலுசுச் சத்தம் கேட்டால் என் தோளில் ஒரு தட்டு. அம்மா ஏதாவது பேசினால் இரண்டு தட்டு. இரண்டில் எது விழுந்தாலும் நான் வண்டியை நிறுத்தியாக வேண்டும். அவளுக்கு இது ஒரு விளையாட்டு. எனக்கு முதுகெல்லாம் வியர்த்துக் கொட்டியது.

பிள்ளையார் கோயில் தாண்டியதும் தட்டு விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. அதற்குள் வண்டியை ஓரம் கட்டி, சாவியைத் திருகி, இடுப்பைத் திருப்பி மேகலாவின் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

அவள் வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். "தயிர்."

வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தோம்.